பெட்ஃபோர்டு கதவில் ஓர் எண்

டாரன் ஸ்கெல்டனை எனக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால் எங்கள் பழைய ராணுவ வண்டிச் சங்கத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். மாதத்துக்கு இரண்டு தடவையாவது அவன் கொட்டகையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவன் நான். அவன் மனைவி சுடும் கேக்கில் பெரிய துண்டு எனக்குத்தான் வரும். தின்றுவிட்டுத்தான் சொல்கிறேன், பிடிக்காது.

முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் லிங்கன்ஷயர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் நாங்கள் எட்டுப் பேர்தான் இருந்தோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ராணுவம் பண்ணைகளுக்கு விற்றுத் தள்ளிய லாரிகளை முட்புதரிலிருந்து இழுத்து வந்து ஓட வைப்போம். ஊர் எங்களைப் பார்த்துச் சிரித்தது. என் மனைவி பெரிலின் அக்கா கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோர் முன்னாலும், "உன் புருஷன் இன்னும் பொம்மை வண்டி வச்சுத்தான் விளையாடறானா?" என்று கேட்டாள். இப்போது பாருங்கள். கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் பிரிட்டிஷ் ராணுவ வண்டி மேல் மோகம் வந்துவிட்டது. சங்கத்தில் இருநூற்றுப் பத்துப் பேர். துருப்பிடித்த ஒரு முகப்பு விளக்குக்கு ஏழு பேர் அடித்துக்கொள்கிறார்கள். போன வருடம்வரை டயர் மாற்றத் தெரியாதவனெல்லாம் காக்கிச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு எனக்கே கார்புரேட்டர் பற்றி விளக்கம் சொல்கிறான்.

அப்படி வந்தவன்தான் டாரன். நாற்பத்தொரு வயது. பாய்லர் ரிப்பேர் செய்பவன். இந்தப் பக்கம் வந்து நாலே வருடம். கொட்டகையில் செய்வதையெல்லாம் போனில் படம் பிடித்துப் போடுகிறான். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். தலைக்கனம் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவனோ தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவான், தெரிந்தவர்களிடம் போய்க் கேட்பான். இப்படிப்பட்டவனை எப்படித் திட்டுவது?

அவனுக்குக் கிடைத்த வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். 1942ல் செய்த பெட்ஃபோர்டு லாரி, மூன்று டன் சுமக்கும் ஜாதி. கோழிப் பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் தீவன மூட்டைகளுக்கு அடியில் நின்றிருந்தது. அந்தப் பண்ணை வாசல் வழியாக நான் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒரு தடவைகூட இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. டாரன் பாய்லர் பார்க்கப் போனான், கழிப்பறை எங்கே என்று கேட்டுப் பின்பக்கம் போனான், லாரியோடு திரும்பி வந்தான்.

வண்டியில் சரக்குத் தட்டின் பின்பக்கத்தை மூடும் பின்பலகை இல்லை. இடது கதவு இருந்த இடத்தில் பண்ணைக்காரர் ஒட்டுப்பலகை அடித்திருந்தார். வலது கதவு மட்டும் பழையது. ஆனால் அந்த ஒரு கதவு போதும். ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு எண் என்றால் உயிர்.

ராணுவம் ஒவ்வொரு வண்டியிலும் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் எழுதும். லாரி என்றால் முன்னால் எல் என்ற எழுத்து, பீரங்கி இழுக்கும் வண்டி என்றால் எச். பிறகு வாங்கியவர்கள் அதை அழிக்க மெனக்கெடமாட்டார்கள், மேலேயே பெயின்ட் அடித்துவிடுவார்கள். அதனால் எண் அடியில் உயிரோடு இருக்கும். உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு பூச்சாகத் தேய்த்து இறங்கினால் ஒரு கட்டத்தில் மேலே வரும். அதை வைத்து வண்டி எப்போது கட்டியது என்று பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் எந்தப் படையோடு போனது, எந்தப் புகைப்படத்தில் நிற்கிறது என்றுகூடப் பிடித்துவிடலாம். எண் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

என் வண்டி வெறும் இரும்பு. மாரிஸ் கம்பெனி செய்த பீரங்கி இழுக்கும் வண்டி, நான் பத்தொன்பது வருடம் உழைத்து நிமிர்த்தியது. 1997ல், ஒன்றும் தெரியாத காலத்தில், அதன் உடம்பைக் கழற்றி மணல் பீய்ச்சும் பட்டறைக்கு அனுப்பினேன். ஒரே மதியத்தில் ஐம்பது வருடப் பெயின்டும் போய், வெள்ளித் தட்டாகத் திரும்பி வந்தது. பார்த்துவிட்டுக் கை தட்டினேன். சங்கத் தலைவர் மால்கம் வந்து சுற்றிப் பார்த்து, "பிரமாதம். நம்பர் என்ன வந்துச்சு?" என்றார். "எந்த நம்பரு?" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுவது மாதிரி.

அதன் பிறகு ஒரு பழைய புகைப்படத்தில் தெரிந்த வேறொரு மாரிஸின் எண்ணை எடுத்து என் வண்டியில் எழுதிக்கொண்டேன். அழகாகத்தான் எழுதினேன். தூரிகை பிடித்து எண் எழுதுவதில் இந்த மாவட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அச்சுத்தகடு வைக்காமல் வெறும் கையால் எழுதுவேன். ஆனாலும் அது இரவல் எண். சங்கத்தில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லிக்காட்டமாட்டார்கள்.

பிப்ரவரியில் டாரன் போன் செய்தான்.

"ஹெட்லி, கதவைத் தேய்க்கணும். எனக்குப் பயமா இருக்கு. ஒரு அழுத்து கூடிப்போச்சுன்னா போச்சு இல்ல? நீங்க வந்து தேய்ச்சுக் குடுங்களேன்."

"என்னை எதுக்குக் கூப்பிடறே? உன் நாப்பதாயிரம் பேர்ல ஒருத்தன்கூட இல்லையா?"

"அவங்க பாக்கத்தான் லாயக்கு. உங்க கை மாதிரி வருமா?"

இப்படித்தான் பேசுவான். போனை வைத்ததும் பெரில், "பாத்தியா, எவ்வளவு மரியாதையா கூப்பிடறான்? நீ என்னமோ வேப்பங்காயைக் கடிச்ச மாதிரி முகத்தை வச்சிருக்கே" என்றாள்.

போனேன். கதவைக் கழற்றி இரண்டு முக்காலிகள் மேல் படுக்க வைத்திருந்தான். பக்கத்தில் வாளித் தண்ணீர், ஒரு மெத்தை, எனக்கு முட்டி வலிக்கக் கூடாதாம். முதலில் பண்ணைக்காரர் அடித்த நீலம். அதற்கு அடியில் சிவப்பு. ஏதோ திருவிழா ராட்டினக் கம்பெனியில் இருந்திருக்கிறது. அதற்கு அடியில் சாம்பல். மூன்று மணி நேரம் குனிந்து தேய்த்தேன். டாரன் வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டு, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் போன் அடித்தது. யாரோ ஒரு கிழவி வீட்டில் பாய்லர் நின்றுவிட்டது, வெளியே பனி.

"பதினஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். நீங்க பாட்டுக்குத் தேயுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவன் போன ஐந்தாவது நிமிடம் ராணுவத்தின் மங்கிய பழுப்பு வந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு கோடு. இன்னும் மெல்லத் தேய்த்தேன். எல். அப்புறம் ஐந்து, ஒன்று, நான்கு, எட்டு, பூஜ்யம், மூன்று, ஒன்பது. ஒரு பொட்டுச் சேதமில்லை. எழுதியவனின் தூரிகை மயிர்த் தடம்கூட ஒன்பதின் வாலில் தெரிந்தது. எண்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது, ஈரத்தில் பளிச்சென்று என்னைப் பார்த்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வாய்த்திருக்க வேண்டியது இது. பத்தொன்பது வருடம் நான் குப்புறக் கிடந்தேன், எனக்கு இரவல் எண். அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் வண்டி கிடைக்கிறது, பாய்லர் பார்க்கப் போன நேரத்தில் எண் கிடைக்கிறது, அதுவும் என் கையால். நாளைக்கு நாற்பதாயிரம் பேர் பார்ப்பார்கள். ஜூலைக் கண்காட்சியில் அவன் வண்டி முதல் வரிசையில் நிற்கும், என் மாரிஸ் தேநீர்க் கூடாரத்துக்குப் பின்னால் நிற்கும். கை உப்புத்தாளை எடுத்தது. கை என்ன கை, நான்தான் எடுத்தேன். அழுத்தித் தேய்த்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஒன்பது முதலில் போனது, எல் கடைசியில். இரும்பு தெரிந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தேன்.

டாரன் மூச்சிரைக்க வந்தான். "வந்துச்சா?"

"ஒண்ணுமில்லப்பா. ராணுவப் பெயின்டுக்குக் கீழ நேரா இரும்பு."

குனிந்து பார்த்தான். விரலால் தடவினான். அப்படியே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டேன், பார்த்தேன். பிறகு எழுந்து கெட்டிலைப் போட்டான்.

"உங்களுக்குத்தான் ஹெட்லி பாவம். இத்தனை நேரம் குனிஞ்சே இருந்தீங்க. முதுகு என்னத்துக்கு ஆகும்?"

அன்று ராத்திரியே எனக்கு நன்றி சொல்லி வீடியோ போட்டான். பெரில் இரண்டு தடவை பார்த்தாள். எண்ணைத் தேடித் தோற்றுப்போன கதையையும் நாற்பதாயிரம் பேர் பார்த்து, அழுகிற முகம் போட்டு அனுப்பினார்கள். அவன் தோற்றால்கூட அதற்கும் கூட்டம் கூடுகிறது.

மார்ச் மாதக் கூட்டம் வழக்கமான பப்பில் நடந்தது. மால்கம் அவன் முதுகில் தட்டி, "விடுய்யா. புத்தகத்துல நல்லதா ஒரு நம்பரைப் பாத்து எழுதிக்கோ. வண்டிக்கு என்ன தெரியப் போகுது?" என்றார்.

"அது இன்னொரு லாரியோட நம்பர் இல்லையா?" என்றான் டாரன். "அந்த லாரி எங்கயாவது இருந்துச்சுன்னா? என்னோடதை வெறுமனேயே விட்டுடறேன். தெரியலைன்னா தெரியலைதான்."

மேஜையில் எல்லோரும் அவரவர் பீரைப் பார்த்தார்கள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. அவனுக்கு என் மாரிஸின் கதை தெரியாது, குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அழித்தால் போய்விடும் என்று நினைத்த எண் என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. முகம் மழிக்கும்போது ஐந்து ஒன்று நான்கு. கடையில் வரிசையில் நிற்கும்போது எட்டு பூஜ்யம் மூன்று ஒன்பது. உலகத்தில் அந்த லாரியின் பெயர் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த எண் எங்கெல்லாம் போய்விட்டு வந்தது என்று தேடிப் பார்க்க ஆசையாக இருந்தது, யாரிடம் கேட்டாலும் "எங்க கிடைச்சது?" என்பார்களே. பொக்கிஷத்தைத் திருடியவனுக்காவது அதை எடுத்துப் பார்க்கும் சுகம் உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

ஜூன் கடைசியில், ஒரு புதன்கிழமை, டாரன் மறுபடி போன் செய்தான். கத்தினான் என்றே சொல்ல வேண்டும்.

"ஹெட்லி! நம்பர் கிடைச்சிருச்சு!"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "எப்படி?"

"பின்பலகை! கோழிப் பண்ணைக்கு ரெண்டு வயல் தள்ளி ஒரு பன்னிப் பட்டி. அங்க பாய்லர் பாக்கப் போனேன். பட்டிக்குக் கதவா நிக்குது நம்ம பலகை! கோழிப் பண்ணைக்காரர் குடுத்ததாம். நீங்க செஞ்ச மாதிரியே சோப்புத் தண்ணி வச்சு மெதுவா தேய்ச்சேன். வந்துருச்சு!"

பின்பலகையிலும் எண் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பலகையே காணோம் என்ற தைரியம். "அப்ப கதவுல ஏன் இல்லை?" என்று நானே கேட்டேன். திருடனுக்கு வாய் சும்மா இருக்காது.

"நானும் யோசிச்சேன். ராணுவத்துலயே ஒரு தடவை கதவை மாத்தியிருப்பாங்க. புதுக் கதவுல எழுத மறந்திருப்பாங்க. இல்லேன்னா உங்க கண்ணுக்குத் தப்புமா?" என்றான். "சனிக்கிழமை கண்காட்சி. நாளைக்கு வந்து எழுதிக் குடுங்க ஹெட்லி. ரெண்டு கதவுலயும். உங்க கைதான் எழுதணும்."

போனை வைத்ததும் எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே பழைய எரிச்சலும் வந்தது. நான் அழித்ததைப் பன்றிகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இவனுக்கென்று பன்றிகூட வேலை செய்கிறது.

வியாழக்கிழமை காலை தூரிகைகளையும் வெள்ளைப் பெயின்டையும் எடுத்துக்கொண்டு போனேன். வண்டி வெயிலில் நின்றிருந்தது. ஒப்புக்கொள்கிறேன், அழகாக இருந்தது. பெயின்டில் பளபளப்பு இல்லை. ராணுவத்தில் இருந்தபடியே மங்கலாக அடித்திருந்தான். இடது பக்கத்துக்குப் புதுக் கதவு செய்து மாட்டியிருந்தான். என் மாரிஸ் கார் ஷோரூம் மாதிரி மின்னும். இவனுடையது எங்கேயோ போய்விட்டு வந்த வண்டி மாதிரி இருந்தது.

சாக்பீஸால் மேலும் கீழும் கோடு போட்டேன். மூன்றரை அங்குல உயரம். டாரன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். அதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது, டயர் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்று காகிதத்தோடேயே போய்விட்டான்.

பெயின்டைக் கலக்கிவிட்டேன். தூரிகை நனைந்துவிட்டது. வலது கதவு, நான் இரும்பு தெரியத் தேய்த்த அதே கதவு, மேலே புதுப் பூச்சோடு காத்துக்கொண்டிருந்தது. எல் எழுதினேன், அது எல்லா லாரிக்கும் பொது. இந்த மாதிரி வேலையில் ஒரு இழுப்பு உண்டு; ஆரம்பித்தால் கை நிற்காது. ஐந்தின் வயிறு வந்தது. ஒன்று. நான்கு. எட்டு எனக்கு எப்போதுமே நன்றாக வரும், அது அன்றைக்கு இன்னும் நன்றாக வந்தது. பூஜ்யம், மூன்று. அந்தப் பழைய ஆள் எழுதிய மாதிரியே ஒன்பதுக்கு வாலைக் கொஞ்சம் நீட்டிவிட்டேன். பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் மனசு லேசாக இருந்தது. எண் என் தலையை விட்டு இறங்கி அதன் இடத்துக்குப் போய்விட்டது. காகிதத்தை நான் பார்க்கவே இல்லை என்பது அந்த நிமிடம்வரை எனக்கு உறைக்கவில்லை.

டாரன் இரண்டு கையிலும் தேநீர்க் குவளையோடு வந்தான். கதவைப் பார்த்தான். "அடடா!" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. குவளைகளைத் தரையில் வைத்துவிட்டு, பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தான். கதவைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான். உதடு அசைய ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.

"நீ... நீதானே போன்ல சொன்னே" என்றேன்.

"இல்ல ஹெட்லி. நான் போன்ல நம்பரைச் சொல்லல."

"பெரில்கிட்ட சொல்லியிருப்பே."

"யார்கிட்டயும் சொல்லல. கண்காட்சி அன்னிக்கு வீடியோவுல காட்டலாம்னு இருந்தேன்." காகிதத்தை என் பக்கம் நீட்டினான். பென்சிலில் எழுதியிருந்தது. எல், ஐந்து, ஒன்று, நான்கு, எட்டு, பூஜ்யம், மூன்று. அதற்கப்புறம் ஒரு கோடு. "பன்னிக்காரரு தாழ்ப்பாள் வைக்கறதுக்காகப் பலகையில ஒரு மூலையை அறுத்துட்டாரு. கடைசி நம்பர் எனக்கே தெரியாது. அந்த இடத்தை எப்படி விடறதுன்னு உங்ககிட்டதான் கேக்கணும்னு வந்தேன்."

என் கையில் தூரிகை சொட்டிக்கொண்டிருந்தது. அவன் பார்வை கதவில் எண்ணுக்கு அடியில், நான் அழுத்தித் தேய்த்ததில் புதுப் பெயின்டுக்குக் கீழேயும் லேசாகக் குழிந்து தெரிந்த இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் பத்தொன்பது வருடக் கதையைக் கொட்டிவிடலாம்.

"நல்லாத் தெரிஞ்சுதா அன்னிக்கு?" என்றான், மெதுவாக.

"தெரிஞ்சுது."

"எட்டா இருக்காதே? ஒன்பதுதானா?"

"ஒன்பதுதான்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். காகிதத்தை முட்டியில் வைத்து, அந்தக் கோட்டின் மேல் ஒன்பது என்று எழுதினான். எண் கோணலாக வந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அந்தப் பக்கக் கதவு பாக்கி இருக்கு" என்றான். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இனிமே இங்க வராதீங்க."

தேநீர் தரையில் ஆறிக்கொண்டிருந்தது. இடது பக்கம் போய்ச் சாக்பீஸ் கோடு போட்டேன். எல் எழுதினேன், ஐந்து எழுதினேன். எல்லாம் முதல் கதவைவிட நன்றாகவே வந்தது. அவன் எதிரே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு எண்ணாக எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.